மேடைக்கு அடியில் நான் அனுப்பிய காற்று

ஹல்துமுல்லைக்கு மேலே, ஆடிக் காற்றில் கூரைத் தகரம் காகிதம் போலப் பறக்கிற ஒரு மேட்டில், கல்யாணப் பந்தலை மூன்று நாள் அசையாமல் நிறுத்தி வைத்தவன் நான். மடுல்சீமையில் லொறி ஏறாத ஒரு தோட்டத்து டிவிஷனுக்கு மரத்தையும் தகரத்தையும் ஆள் தலையில் ஏற்றிக் கொண்டுபோய், கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை போட்டுக் கொடுத்தவன் நான். எல்லயில் ஒரு ஹோட்டல்காரர் வெள்ளைக்காரர் கல்யாணத்துக்குப் பாறை விளிம்பில் மேடை கேட்டார். கொழும்புக் கம்பனிகள் இரண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன இடம். நான் போட்டேன். அதன் மேல் நூறு பேர் குதித்து ஆடினார்கள். பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் மகளுக்கு நிக்காஹ் நடக்க இருந்த காலையில் ஆறு பெருகி மைதானத்துக்குள் வந்துவிட்டது. பீப்பாய்களை அடுக்கி, பலகை போட்டு, மாப்பிள்ளையின் செருப்பு நனையாமல் அவரை மேடை வரைக்கும் நடக்க வைத்தவனும் நான்தான்.

இதெல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்த வேலை. தோட்டத்து லயத்தில், வரிசைக் காம்பரா ஒன்றில் பிறந்தேன். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். எனக்கு ஒருவரும் தொழில் கற்றுக் கொடுக்கவில்லை, ஒருவரும் கை தூக்கிவிடவும் இல்லை. இரண்டு மூங்கிலும் ஒரு கிழிந்த படங்கும், அதாவது தார்ப்பாயும், வைத்து ஆரம்பித்தேன். இன்றைக்கு என் லொறி பசறை இறக்கத்தில் போனால் பொலிஸ்காரர் கூட யாருடையது என்று கேட்பதில்லை.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று சேர வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊரில் நடக்கும் சங்கீத விழாவில், மேடைக்கு அடியில் நான் செய்த சூட்டறை. அதை இப்போது வேறு ஒருவருடைய பெயரில் அச்சடித்திருக்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல ஒரு வாத்தியார் எழுதினார். அழகுபடுத்த வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வீதி, ஒரு பள்ளிக்கூடம், மீன்காரர் தங்கும் வாடிகள், அப்புறம் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கடல். ஜூன் பிறந்தால் அலையில் சறுக்க வெள்ளைக்காரர் வந்து குவிவார்கள். அவர்களோடு கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நம் ஆட்கள் கொஞ்சம் பேர் வந்து, கடலைப் பார்த்துக்கொண்டு கர்நாடக சங்கீதம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மூன்று மாலை, மூன்று கச்சேரி. மலையில் இருக்கிற எங்களுக்கு இப்படிப்பட்ட ஆசைகள் வருவதில்லை. எங்களுக்குக் கோயில் திருவிழா இருக்கிறது. அதைக் கேட்கக் கடல் வேண்டியதில்லை.

விழாச் செயலாளர் என்னைத் தேடிப் பதுளைக்கு வந்தார். கொழும்பில் இருக்கிற யாழ்ப்பாணத்து மனிதர், நன்றாகப் படித்தவர், வெள்ளை வேட்டி. என் முற்றத்தில் கிடந்த கம்பிகளைத் தாண்டும்போது வேட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் வாயில் பத்து வார்த்தைக்கு ஒரு முறை பாரம்பரியம் என்ற சொல் வந்தது. நான் எண்ணினேன். தேநீர் கொடுத்தோம், பாதியை வைத்துவிட்டார். எங்கள் ஊவா மலைத் தேயிலையைப் பாதியில் வைக்கிற ஆளுக்கு எந்தப் பாரம்பரியம் தெரியும் என்று அன்றைக்கே யோசித்தேன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். கடலோரத்தில் நான் இதுவரைக்கும் மேடை போட்டதில்லை. போடாத இடம் என்று ஒன்று இருப்பது எனக்குப் பிடிக்காது.

என்னோடு ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலையாள் மடுல்சீமைக்காரன். இருபது வருஷமாக என்னோடு இருக்கிறான். தோட்டத்துக் கோயிலில் அவன்தான் தப்பு மேளம் அடிப்பான். காமன் கூத்துக்கு அவன் தப்பு கேட்டால் அடுத்த தோட்டத்திலிருந்தும் ஆட்கள் இறங்கி வருவார்கள். அவனை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் நடந்த பிழையும் அவனுடையது, அந்தப் பிழையிலிருந்து வந்த நன்மையில் பாதியும் அவனுடையது.

பள்ளிக்கூட மைதானத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி மேடை போட்டோம். ஆள் குனிந்து நுழையும் உயரம். பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். மேடைக்குப் பக்கத்தில் வாத்தியங்கள் வைக்க ஒரு கூடாரம். செயலாளர் வந்து பார்த்துவிட்டு, முன்வரிசையில் சோபா போடச் சொன்னார். ஊர் மீன்காரர்களுக்குக் கதிரை எங்கே என்று கேட்டேன். அவர்களுக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மணல் இருக்கிறதே என்றார்.

முதல் நாள் மாலை என்ன நடந்தது என்றால், கச்சேரி நொண்டியது. அந்தக் கரையில் பகல் முழுவதும் தரைப் பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும். உதடு வெடிக்கிற காற்று. மாலை ஐந்து மணிக்குக் காற்று திரும்பும். கடலிலிருந்து ஈரமும் உப்புமாக வரும், சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மிருதங்கம் என்பது இரண்டு பக்கமும் தோல் போட்ட மேளம். அதன் சத்தம் பாடுகிறவரின் சுருதியோடு ஒட்டி நிற்க வேண்டும். மத்தியானக் காய்ச்சலில் இழுத்துக் கட்டின தோல் மாலை ஈரத்தில் தளர்ந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த வித்துவான் பாட்டுக்கு நடுவில் கல்லை எடுத்து விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டி ஏற்றுவார், இரண்டு நிமிஷத்தில் இறங்கும். பாடிய அம்மாள் இரண்டு முறை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சோபாக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். மேளம் நின்ற பிறகும் ஒருவர் ஆட்டினார்.

என் தலையாளுக்குத் தெரிந்தது. மேடைக்குப் பக்கத்தில் வயர் பிடித்துக்கொண்டு நின்றவன் முகத்தைச் சுளித்தான். தோல் குளிர்ந்துவிட்டது என்றான். அப்போது நான் காதில் வாங்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணி. நான் ஜெனரேட்டர் பக்கம் இருந்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்டு ஓடி வந்தால், கூடாரத்துக்குப் பின்னால் தென்னோலை நெருப்பு எரிகிறது. பக்கத்தில் என் தலையாள் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறான். எதிரில் வித்துவானும் செயலாளரும்.

நடந்தது இதுதான். வித்துவானிடம் இரண்டு மிருதங்கம் இருந்தன. அவர் சாப்பிடப் போன நேரத்தில் இவன் கூடாரத்துக்குள் கதிரை எடுக்கப் போயிருக்கிறான். ஒன்றை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறான். முதல் நாள் குடித்த ஈரம் இன்னும் போகவில்லை, சத்தம் மந்தமாக இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் தப்பு தளர்ந்தால் என்ன செய்வோம்? வைக்கோலைக் கொளுத்தி, தோலை நெருப்புக்குக் காட்டிக் காய்ச்சுவோம். டங்கென்று ஏறிவிடும். பிறந்ததிலிருந்து பார்த்த வேலை. அந்த மனிதர் நேற்று மாலை பட்ட பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அவர் வருவதற்குள் காய்ச்சி வைப்போம் என்று நினைத்திருக்கிறான். மிருதங்கத்தின் வலது பக்கத் தோலில் கறுப்பாக ஒரு பொட்டு, மருந்து மாதிரிப் பூசி இறுக்கியிருப்பார்கள். அதன் உயிரே அங்கேதான். நெருப்புப் பட்டதும் அது பொருக்குப் பொருக்காக வெடித்துவிட்டது.

வித்துவான் அவனைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். அதுதான் மோசம்.

“இது மிருதங்கம்யா. கொளுத்திப் போட்டுக் காய்ச்சறதுக்கு உங்க ஊர்த் தப்பட்டைன்னு நெனச்சியா?”

“சத்தம் செத்துப்போயிக் கெடந்துச்சுங்க,” என்றான் தலையாள். “அதான்.”

செயலாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ காற்றில் நிற்கிற மாதிரி அங்கே பார்த்துச் சொன்னார்: “தோட்டக்காட்டு ஆக்களை இந்தப் பக்கம் விட வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான்.”

மலைத் தோட்டத்து ஆட்களைத் தாழ்த்திச் சொல்கிற இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்குப் புதிது இல்லை. பதுளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று காலையில்தான் அந்த மனிதர் மைக்கைப் பிடித்து, நாம் எல்லோரும் ஒரே தமிழ் என்று சத்தம் பரிசோதித்தார். அந்த மைக்கைப் பொருத்திக் கொடுத்ததே இந்தத் தோட்டக்காட்டு ஆள்தான்.

கோபத்தை விழுங்கினேன். பிழை எங்கள் பக்கம். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொட்டது பிழை. தெரியாத தோலை நெருப்புக்குக் காட்டியது அதைவிடப் பெரிய பிழை. வித்துவான் இனி வாசிக்க முடியாது என்றார். மற்ற மிருதங்கமும் நேற்று மாதிரிதான் இறங்கும், இந்த ஊரில் தன் பெயர் கெட்டது போதும் என்றார். செயலாளர் அன்றைய கச்சேரியை நிறுத்தப் போவதாகவும், காரணம் யார் என்று எல்லோருக்கும் சொல்லப் போவதாகவும் சொன்னார். அப்படிச் சொன்னால் என் இருபத்தைந்து வருஷப் பெயர் அந்த மணலில் போயிருக்கும். கொழும்பிலிருந்து பதுளை வரைக்கும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நெருப்புத்தான் பிழை, சூடு பிழை இல்லை.

வித்துவானிடம் சொன்னேன். “அவன் செஞ்சது பிழைதாங்க. திட்டுறதுன்னா கச்சேரிக்கு அப்புறம் திட்டுங்க. மத்ததக் குடுங்க. இன்னைக்கு எறங்காம நான் பாத்துக்கிறேன்.”

“நீ எப்படிய்யா பாத்துப்பே?”

“கொழுந்து வாட்டுன கைங்க இது.”

அவருக்குப் புரியவில்லை. உங்களில் பலருக்கும் புரியாது. பதினாறு வயதில் நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தேன். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைக் கம்பி வலை மேல் பரப்புவோம். கீழேயிருந்து மெல்லிய சூட்டுக் காற்று வலை வழியாக ஏறும். கொழுந்து ஈரத்தை விட்டுக் கொடுத்து வாடும். சூடு கூடினால் கருகிச் சிவந்துவிடும், குறைந்தால் பச்சையாகவே கிடக்கும். ஒரு நாள் நான் தூங்கிப்போய், ஒரு தொட்டிக் கொழுந்து வீணாகிவிட்டது. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் அடிக்கவில்லை. காற்று வருகிற வாயில் என் புறங்கையை வைத்து, ஒரு ஷிப்ட் முழுக்க எடுக்காதே என்றார். எடுக்கவில்லை. அதிலிருந்து காற்றின் சூடு என் புறங்கைக்குத் தெரியும். நான் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

வித்துவான் மற்ற மிருதங்கத்தைத் தந்தார். நம்பித் தரவில்லை, வேறு வழி இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தந்தார். மணி மூன்றரை. கச்சேரி ஆறு மணிக்கு.

ஜெனரேட்டர் ஓடும்போது அதன் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? புகை வேறு, அது வேறு குழாயில் போகும். ரேடியேட்டர் வழியாக வருவது சுத்தமான, காய்ந்த, சூட்டுக் காற்று. எங்கள் ஸ்டோரில் அடுப்பு வைத்து வரவழைத்த அதே காற்று. அதை இவ்வளவு நாளும் வெறும் வெளியில் விட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு படங்கை ஆள் நுழைகிற அகலத்தில் குழாய் மாதிரித் தைக்கச் சொன்னேன். தைத்தவன் தலையாள். கோணி ஊசியால் தைத்தான், கண் சிவந்திருந்தது. குழாயின் ஒரு வாயை ரேடியேட்டருக்கு முன்னால் கட்டி, மதில் வாசல் வழியாகக் கொண்டு வந்து, மறு வாயை மேடைக்கு அடியில் விட்டோம். வழியில் காற்றைத் தள்ள ஒரு பெரிய விசிறி. மேடையின் அடியை நாலு பக்கமும் சாக்குத் தொங்கவிட்டு அடைத்தோம். உள்ளே கம்பி வலை கட்டி, அதன் மேல் மிருதங்கத்தைப் படுக்க வைத்தோம். பிறகு மேலே, வித்துவான் உட்காரும் இடத்தில் பலகைகளை ஒரு விரல் அகலம் விலக்கி, மெல்லிய பாய் ஒன்றைப் போட்டு மூடினோம். மேடையில் இருக்கும்போதும் கீழேயிருந்து காற்று ஏற வேண்டுமே.

கொழும்பிலிருந்து ஒலிக்கருவிகளோடு வந்திருந்த ஒரு இளம் பொறியியலாளர் அப்போதுதான் தூங்கி எழும்பி வந்தார். குனிந்து பார்த்தார். “அங்கிள், இது வெடிக்காதா?” என்று கேட்டார். வெடித்தால் உங்களுக்கு முதலில் சொல்கிறேன் தம்பி என்றேன். அவர் போய், எண் காட்டுகிற சூடு அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டு வந்து வலையில் மாட்டினார். அதைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். அவர் செய்த வேலை இவ்வளவுதான். அதை நான் மறைக்கவில்லை. மாட்டினார், எழுதினார். எண் என்ன காட்டியது என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புறங்கை இருந்தது.

ஐந்தரைக்கு மிருதங்கத்தை எடுத்து வித்துவானிடம் கொடுத்தேன். தட்டினார். இன்னொரு முறை தட்டினார். கல்லை எடுத்து இரண்டு இடத்தில் மட்டும் விளிம்பைச் சரி செய்தார். மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

கச்சேரி முழுவதும் நானும் தலையாளும் மேடைக்கு அடியில் இருந்தோம். காற்று கூடினால் குழாயின் வாயைக் கொஞ்சம் மடிக்க வேண்டும், குறைந்தால் திறக்க வேண்டும். நான் புறங்கையைக் காற்றில் வைத்துக்கொண்டு சொல்வேன், அவன் மடிப்பான். எங்கள் தலைக்கு ஒரு சாண் மேலே வித்துவானின் தொடை தாளத்தோடு பலகையில் இடித்தது. இந்தப் பெரிய விழாவில் அவ்வளவு பக்கத்திலிருந்து கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்பது வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு ஷிப்ட் வாட்டினேன். இந்த முறை கொழுந்துக்குப் பதிலாக ஒரு வித்துவான். அந்த மனிதருக்கு அது தெரியாது.

சாக்கின் கீழ் விளிம்பில் ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாக முன்வரிசைக் கால்கள் தெரிந்தன. முகம் பொய் சொல்லும், கால் சொல்லாது. சோபாவிலிருந்த பத்து ஜோடிக் கால்களும் பத்து விதமாகத் தட்டின. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று திடீரென்று நினைவு வந்த மாதிரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றுவிடும். செயலாளரின் புதுச் செருப்பை அடையாளம் கண்டுகொண்டேன். அது தாளத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இங்கே என் பக்கத்தில், தோட்டக்காட்டு ஆள் ஒருவன் விரல் நுனியால் மேடைத் தூணில் தட்டிக்கொண்டிருந்தான். வித்துவானின் தொடை எப்போது இடிக்குமோ அப்போது அவன் விரலும் விழுந்தது. ஒரு முறைகூடத் தப்பவில்லை. இந்தப் பாட்டு அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

வெளியே கடல் காற்று திரும்பிவிட்டது. சாக்கு நனைந்து கனத்தது. முதல் நாள் இதே நேரத்தில்தான் தோல் இறங்க ஆரம்பித்தது. நான் புறங்கையைக் காற்றிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். எனக்குச் சுருதி தெரியாது. இறங்குகிறதா நிற்கிறதா என்று என் காதுக்குத் தெரியாது. தலையாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று முடிந்தது. கடைசியில் வித்துவான் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, மத்தியானத்திலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தான்.

“எறங்கல, அண்ணே.”

மேலே கைதட்டு. எதற்குத் தட்டுகிறோம் என்று தட்டினவர்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் வித்துவான் எங்களைக் கேட்காமலே மிருதங்கத்தைக் கொண்டு வந்து, தானே குனிந்து, வலை மேல் வைத்துவிட்டுப் போனார். என் தலையாள் பக்கத்தில்தான் நின்றான். அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பெரிய வித்தை கையில் இருக்கிறது, ஒரு சின்னச் சொல் வாயில் வரவில்லை.

அன்று வீணை வாசிக்க வந்த அம்மாள் ஒருவர் மட்டும் மனுஷி. மேடை ஏறுவதற்கு முன்னால் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். “அண்ணை, நல்ல வேலை. ஆனா என்ர வீணைக்கு இந்தச் சூடு ஆகாது. மெழுகு இளகிப்போகும்,” என்றார். வீணையின் மெட்டுகளை மெழுகில்தான் பதித்திருப்பார்களாம். எனக்கு அது தெரியாது. அவர் உட்காரும் பக்கத்துக்குப் பலகைகளை நெருக்கி, அடியில் இரண்டு மடங்கு சாக்குப் போட்டு, சூடு அந்தப் பக்கம் போகாமல் அடைத்துக் கொடுத்தேன். மெழுகும் இளகவில்லை, தோலும் இறங்கவில்லை. ஒரே மேடையில் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர். ஐந்தாம் வகுப்பு.

கடைசியில் நன்றியுரை. நானும் தலையாளும் மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றோம். அவன் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருந்தான். செயலாளர் பெரிய பட்டியல் வாசித்தார். பூ கொடுத்தவருக்கு நன்றி, தண்ணீர்ப் போத்தல் கொடுத்தவருக்கு நன்றி, சோபா கொடுத்த ஹோட்டலுக்கு நன்றி. பிறகு, கடற்கரை ஈரத்திலிருந்து வாத்தியங்களைக் காக்க விஞ்ஞான முறையில் வெப்பக் காற்று ஏற்பாடு செய்த பொறியியலாளருக்கு நன்றி என்று சொல்லி, அந்தத் தம்பிக்குச் சால்வை போர்த்தினார்கள். தம்பியும் குனிந்து வாங்கிக்கொண்டார். கடைசி வரி, மற்றும் பலருக்கும் நன்றி.

அந்த மற்றும் பலர் நாங்கள்தான். தலையாள் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மேடையைப் பிரிக்கப் போனான்.

செயலாளரைப் பிடித்துக் கேட்டேன். விடுபட்டிருக்கும், அடுத்த வருஷ விழா மலரில் போடுவோம் என்றார். எனக்குச் சத்தியம் செய்து தரவில்லை, நானும் கேட்கவில்லை. படித்தவர் சொல்கிறார் என்று விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இது ஒன்று.

இந்த வருஷ மலர் போன மாதம் தபாலில் வந்தது. வழவழப்பான தாள். நடுப் பக்கத்தில் என் மேடை, என் படங்குக் குழாய், என் சாக்கு. பக்கத்தில் அம்புக்குறி போட்டு ஒரு வரைபடம், கீழே பொறியியலாளர் தம்பியின் படமும் பெயரும். புகைப்படத்தின் ஓரத்தில் என் புறங்கை மட்டும் தெரிகிறது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, எனக்குத் தெரியாதா? உடம்பை வெட்டிவிட்டு, கையை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். மலர் முழுவதும் தேடினேன். விழாவில் கச்சான் கடலை விற்றவரின் பெயர்கூட இருக்கிறது.

மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். “பேரு போடலன்னா சோறு எறங்காதா ஒங்களுக்கு? இந்தப் பதுளையில ஒங்க பேரு தெரியாதவக யாரு?” என்றாள். அவள் சொல்வது சரிதான். பதுளையில் எனக்கு அந்த மலர் தேவை இல்லை. ஆனால் மலரைத் தலையாளிடம் காட்டியபோது அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “காச்சினது மட்டும் நம்ம கணக்கு, வாட்டினது அவங்க கணக்காண்ணே?” என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன கிழமை செயலாளர் தொலைபேசியில் பேசினார். விழா நெருங்குகிறது, மேடை வேண்டும் என்றார். அந்த அடிச் சூட்டையும் மறக்காமல் கொண்டு வாங்கோ என்றார். வரைபடம் இருக்கிறதே, பொறியியலாளர் இருக்கிறாரே, அவர் செய்யட்டுமே என்றேன்.  அவர் செய்து பார்த்தாராம், ஒன்று சூடு கூடிவிடுகிறதாம், இல்லாவிட்டால் குறைந்துவிடுகிறதாம். கருவி சரியான எண்தான் காட்டுகிறதாம்.

எண் காட்டும். ஏன் காட்டாது?

ஆகவே, விழாக் குழுவாருக்கு எல்லோரும் பார்க்கும்படியாகவே சொல்கிறேன். என் லொறி பசறை இறக்கம் வழியாக உங்கள் கடற்கரைக்கு இறங்க வேண்டுமானால் மூன்று காரியம் நடக்க வேண்டும். ஒன்று, மலரைத் திருத்தி அச்சடிக்க வேண்டும். மேடைக்கு அடியில் அந்தச் சூட்டறையைச் செய்தவன் பதுளைப் பந்தல்காரன், தைத்துக் கட்டி, சுருதி இறங்கவில்லை என்று காதால் சொன்னவன் மடுல்சீமைத் தோட்டத்துத் தப்புக்காரன் என்று இரண்டு பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போட வேண்டும். பொறியியலாளர் தம்பி சூடு அளந்து எழுதினார் என்று அதற்குக் கீழே போடலாம், அது உண்மை. இரண்டு, முதலில் ஒரு மிருதங்கத்தைக் காய்ச்சிக் கெடுத்ததும் நாங்கள்தான் என்று சேர்த்தே போட வேண்டும். எங்கள் பிழையை எடுத்துக்கொள்ள எங்களுக்கு வெட்கம் இல்லை, எங்கள் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று, இந்த வருஷ விழாவின் முதல் நாள் மாலை, கச்சேரி தொடங்குவதற்கு முன்னால், அந்த வித்துவானும் சோபாக்காரர்களும் இருக்கும்போது, அதே மைக்கில் இதைச் செயலாளர் தன் வாயால் வாசிக்க வேண்டும்.

என் பெயர் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். லொறியின் இரண்டு பக்கமும் ஒரு முழ உயரத்தில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறேன். தலையாளின் பெயரையும் இந்தக் கிழமை அதன் கீழேயே எழுத வைத்துவிட்டேன். வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகட்டும்.